பேர் போடும் நேரத்தில் ஒரு கை

தினா,

நீ போனில் அனுப்பிய அந்த இரண்டு நிமிட டைட்டில் படத்தைப் பார்த்துவிட்டேன். பார்த்ததும் "எப்படிம்மா இருக்குது?" என்று கேட்டாய். "எழுதி அனுப்புறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். உனக்குக் கோபம் வந்திருக்கும். ஒரு வார்த்தை சொல்ல இவளுக்கு எதற்குக் காகிதம் என்று நினைத்திருப்பாய். போனில் உன்னோடு எதையும் முழுதாகப் பேச முடிவதில்லை. "ஆங் ம்மா, ஆங் ம்மா" என்றபடியே அந்தப் பக்கம் கம்ப்யூட்டரில் எதையோ இழுத்துக்கொண்டிருப்பாய். மவுஸ் சத்தம் எனக்குக் கேட்கும். அதனால் எழுதுகிறேன். இதை வேறு யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. சொல்லப்போனால் படிக்கட்டும். அம்மாவை வரைந்தும் பாடியும் பிழைக்கிற மகன்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இது.

வயதான தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதுவதாக மட்டும் நினைத்துவிடாதே. எனக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை. ப்ளஸ் டூ முடித்த கையோடு கல்யாணம் செய்து இந்தத் தெருவுக்கு அனுப்பினார்கள். அதற்கப்புறம் நான் படித்ததெல்லாம் கிளை நூலகத்தில்தான். கண் நன்றாகத் தெரிகிறது. வாய் எப்படி என்று உனக்கே தெரியும்.

விஷயம் இதுதான். திங்கட்கிழமைக்குள் நீ அந்த டைரக்டருக்குப் பதில் சொல்லவேண்டும். நீ வரைந்த டைட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டு அவர் கேட்கிறபடி கோபுரமும் தங்க ஜரிகையுமாக வேறொன்று வரைந்து கொடுப்பதா, அல்லது முடியாது என்று சொல்லிவிட்டு வெளியே வருவதா? வெளியே வந்தால், முதன்முதலாகத் திரையில் தனியாக வரப்போகிற உன் பேரும் அதோடு போய்விடும். இத்தனை வருஷமாக யார் யார் பேரையோ ஆடவும் மினுக்கவும் வைத்துக்கொண்டிருந்தவன் நீ. நடிகர் பேர் வரும்போது திரையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. லைட் தூக்கியவர், சோறு ஆக்கிப் போட்டவர், உன்னை மாதிரி விடிய விடியக் கோடு போட்டவர் பேரெல்லாம் கூட்ட நெரிசல் பஸ் மாதிரி ஒன்றாக ஏறி, படிப்பதற்குள் போய்விடுகிறது. அதில் தொங்கிக்கொண்டிருந்த உனக்கு இப்போது ஒரு சீட் கிடைக்கப்போகிறது. அதை விடச் சொல்வது எனக்கும் லேசான காரியமில்லை.

நான் ரொம்ப வருஷம் எந்தப் படத்துக்கும் பேர் போடுவதைப் பார்த்ததே கிடையாது. காஞ்சிபுரத்தில் பள்ளிக்கூடத்துக்கும் ஆபீசுக்கும் ஞாயிற்றுக்கிழமை லீவு. தறிக்கு அமாவாசைதான் லீவு. சினிமாவுக்குப் போவதென்றால் அன்றைக்குத்தான். ஆனால் லீவு ஆண்களுக்கு மட்டும். தறி நின்றால் அவர்கள் கை சும்மா இருக்கும், எங்கள் கைக்கு அன்றைக்குத்தான் வேலை கூடும். வீடு கழுவி, தலைக்குக் குளித்து, வடை பாயசத்தோடு படையல் போட்டு, காக்காய்க்கு வைத்து, அப்புறம் எல்லோருக்கும் இலை போட்டு, பாத்திரத்தையெல்லாம் கழுவிக் கவிழ்க்கவேண்டும். உன் அப்பா முன்னாலேயே போய் டிக்கெட் எடுத்து, முறுக்குப் பொட்டலத்தோடு சீட்டில் சாய்ந்திருப்பார். நான் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பக்கத்து வீட்டு மல்லிகா அக்காவோடு ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேருவேன். டிக்கெட் கிழிக்கிறவருக்கு எங்களைப் பார்த்தாலே சிரிப்பு.

"பேர் போட்டாச்சாண்ணே?" என்பாள் மல்லிகா அக்கா.

"பேர் போட்டு, பாட்டும் முடிஞ்சிபோச்சி. சண்ட நடந்துக்கினு இருக்குது, போங்கோ."

"சண்டைய எங்கூட்லயே பாத்துட்டுதான் வரோம். பேர மட்டும் இன்னொரு தரம் போடச் சொல்லுங்கோ."

இருட்டில் தடவிப் போய் உட்காரும்போது, முன்னாலேயே வந்தவர்கள் எல்லோரும் எதற்கோ தயாராக இருப்பார்கள். எங்களுக்கு அது பிடிபடப் பாதிப் படம் ஆகிவிடும். கூட்டமே பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் இடத்தில் மல்லிகா அக்கா கெக்கெக்கே என்று சிரித்து, முன் சீட்டுக்காரர் திரும்பி முறைத்தது உண்டு. எங்களுக்குப் புத்தி மட்டு, அதனால்தான் படம் புரிய நேரமாகிறது என்று நானே வெகுநாள் நம்பியிருந்தேன். புத்தியில் ஒன்றும் குறைவில்லை, வாசல் வழியாக வராமல் சுவரேறிக் குதித்து உள்ளே வந்திருக்கிறோம் என்பதை எனக்கு விளக்கியவன் நீதான்.

காலேஜில் படிக்கும்போது ஒரு லீவுக்கு வந்து, லேப்டாப்பை அரிசி டிரம் மேல் வைத்துக் காட்டினாய். நீயும் உன் சிநேகிதர்களும் பஸ் ஸ்டாண்டில் எடுத்த சின்னக் காட்சி. ஒரு ஆள் பூக்கடையில் மல்லிகைப் பூ வாங்குகிறார். பொட்டலத்தைப் பைக்குள் வைக்கிறார். ஓரிக்கை பஸ்ஸில் ஏறுகிறார். அவ்வளவுதான். அதற்கு முன்னால் ஒரு டைட்டில் வரைந்து ஒட்டியிருந்தாய். கறுப்புத் திரை. சிவப்பாக ஒரு கோடு மேலேயிருந்து மெதுவாக இறங்குகிறது. எழுத்துகள் நடுங்கி நடுங்கித் தோன்றுகின்றன. சத்தம் என்று பார்த்தால், எங்கோ ஒரு தகரம் காற்றில் அடித்துக்கொள்வதுதான். அது முடிந்து அந்த ஆள் பூ வாங்கியபோது உன் கையைப் பிடித்துக்கொண்டேன். "டேய், இந்தாளு யாரையோ கொல்லப் போறான்டா" என்றேன். நீ உடனே இன்னொன்றைப் போட்டாய். மஞ்சள் திரை. உருண்டை உருண்டையான எழுத்துகள் படிக்கட்டில் பந்து மாதிரி குதித்து இறங்குகின்றன. ஒரே ஒரு எழுத்து மட்டும் வழுக்கி விழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, மற்றதுகளின் பின்னால் ஓடுகிறது. பிறகு அதே ஆள், அதே பூ, அதே பஸ். "ஐயோ பாவம், பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்கிட்டு சமாதானத்துக்குப் பூ வாங்கிக்கினு போறான்" என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்.

"பாத்தியாம்மா, அந்தாளு ஒரு வேலையும் செய்யல. எல்லாத்தையும் நீயே செஞ்சிட்ட" என்றாய்.

அன்றைக்குத்தான் விளங்கியது. பேர் போடும் அந்தக் கொஞ்ச நேரத்தில் கதை ஒன்றும் நகர்வதில்லை. இந்தப் படத்தை எந்தக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று பழக்கிவிடுகிறார்கள், அவ்வளவுதான். கடையில் புடவையைப் பிரிக்கிறவன் முந்தியை முதலில் விரித்துக் காட்டுவதும் இதற்காகத்தான். முந்தியில் மயங்கியவள் புடவையின் உடலை எங்கே உற்றுப் பார்க்கப் போகிறாள்? அதிலும் வரைந்த படம் என்றால் பலம் இன்னும் அதிகம். நிஜ மனிதனைக் காட்டினால் அவன் மூஞ்சி, சட்டை, என்ன ஜாதி, எந்த ஊர் என்று நம் புத்தி நாலு பக்கம் மேயும். கோட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. கோடு நடுங்கினால் நாமும் நடுங்குகிறோம், குதித்தால் குதிக்கிறோம். நீ பள்ளிக்கூடம் போகிற வயதில், தறிக்கு உதவாமல் ஒதுக்கிய பழைய டிசைன் அட்டைகளைப் பொறுக்கி வந்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு பல்லியை வரைந்து, கட்டாகப் பிடித்து விரலால் சரசரவென்று விடுவாய். பல்லி ஓடும். மல்லிகா அக்கா அதைப் பார்த்து நிஜமாகவே அலறி, ராட்டையை உருட்டிவிட்டாள். அட்டையில் பல்லி இல்லை என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கால் தானாகப் பின்னால் போனது.

அந்தப் பலம் ஒரு கல்யாண வீட்டையே கலக்கியதும் உனக்கு நினைவிருக்கும். கவிதா, என் கூடப்பிறந்த அக்காவின் மகள், உனக்கு அக்கா முறை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போய்வருகிறவள். அவள் கல்யாண வீடியோவுக்கு நீ டைட்டில் செய்து தருவதாகச் சொன்னாய். வீடியோக்காரர் கைவசம் வைத்திருந்ததில் ரோஜாப்பூ மலரும், கோபுரம் சுற்றும், இரண்டு இதயம் பறந்து வந்து ஒட்டிக்கொள்ளும். நீ வரைந்தது வேறு. விடியும் நேரம், கம்பெனி பஸ். ஜன்னலோரம் கவிதா தூங்கி வழிகிறாள். கழுத்தில் ஐ.டி. கார்டு ஆடுகிறது. பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்ததும் அவள் தலையில் பூ வந்து உட்காருகிறது. அடுத்த பள்ளத்தில் நெற்றிச்சுட்டி, அடுத்ததில் மாலை. இன்னொரு பெரிய பள்ளம், கவிதா கண்ணைத் திறக்கிறாள். எதிரே மணவறை. எல்லாம் மாறிவிட்டது, கழுத்தில் அந்தக் கார்டு மட்டும் அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்து அவளே திருதிருவென்று விழிக்கிறாள்.

இரண்டு வீட்டாரும் சேர்ந்து வீடியோ பார்த்தபோது எங்கள் பக்கம் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். கவிதா சிரித்துக்கொண்டே அழுதாள். மாப்பிள்ளையின் அப்பா மட்டும் எழுந்து நின்றுவிட்டார். "எங்கூட்டு மருமவ கம்பெனிக்குப் போறத ஊரெல்லாம் பாக்கணுமா? சொந்தக்காரங்கோ இன்னா நெனப்பாங்கோ?" அவள் வேலைக்குப் போவது தெரிந்துதான் பெண் கேட்டு வந்தார்கள். சம்பளம் வீட்டுக்கு வரலாம், கார்டு வெளியே தெரியக்கூடாது. இந்த ஊரில் கௌரவம் என்பது இப்படித்தான் நடக்கிறது. உழைப்பு வேண்டும், உழைக்கிறவள் கண்ணில் படக்கூடாது. உன் டைட்டிலை எடுத்துவிட்டு, அதே கல்யாணத்தை ரோஜாப்பூவோடு போட்டார்கள். தாலி கட்டுவது அதேதான், பந்தியும் அதேதான். ஆனாலும் அது வேறு யாரோ வசதியான வீட்டுப் பெண் கல்யாணம் மாதிரி ஆகிவிட்டது. கவிதா உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, அவங்களுக்கு ரோஜாப்பூவே குடுத்துடு. என்னோடத எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பு" என்றாள். இன்னமும் அது அவள் போனில் இருக்கிறது. பஸ்ஸில் புதிதாக வருகிற பெண்களுக்குப் போட்டுக் காட்டுகிறாளாம்.

இப்போது இந்தப் படத்துக்கு வருகிறேன். நீ சொன்ன கதை இது. காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணம். முகூர்த்தப் புடவை மாறிப்போய்விடுகிறது. அதைத் தேடி இரண்டு வீட்டாரும் ஊரெல்லாம் அலைகிறார்கள். ஆரம்பத்திலிருந்து முடிவு வரை சிரிப்புதான். அதற்கு நீ வரைந்திருப்பதில் சிரிப்பே இல்லை. அரை இருட்டில் ஒரு தறி. ஆள் தெரியவில்லை, கைகள் மட்டும். ராட்டை சுற்றுகிற கை. தறியில் நீளவாட்டில் கட்டிய பாவில் அறுந்துபோன இழையை முடிச்சுப் போடுகிற கை. ஒவ்வொரு கையும் இழுக்கும் நூல் வளைந்து வளைந்து ஒரு பேராகிறது, அடுத்த கை தொட்டதும் கலைந்து மறுபடி நூலாகிறது. கடைசியில் ஒரு பெண்ணின் கை. குறுக்கு இழையைக் கொண்டு ஓடுகிற கரை நாடாவைப் பிடித்தபடி அப்படியே நிற்கிறது. நகரவில்லை. அந்த அசையாத கைக்கு மேல்தான் படத்தின் பேர் வருகிறது. அது என் கை. சுண்டுவிரல் தழும்பைக்கூட நீ விடவில்லை.

அழகாக இருக்கிறது, தினா. பேர் நூலாகிற இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். உன் அப்பா பார்த்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். அவர் அப்படிச் செய்தால் மனசில் பட்டுவிட்டது என்று அர்த்தம், உனக்கே தெரியும்.

டைரக்டர் என்ன சொன்னார் என்பதையும் நீதான் சொன்னாய். ஆபீசில் கொஞ்சம் பேரை உட்காரவைத்துப் போட்டுப் பார்த்தார்களாம். உன் டைட்டில் முடிந்ததும் யாரோ மூக்கை உறிஞ்சினார்களாம். அதற்கடுத்த முதல் காமெடிக்கு, மாமனார் வேட்டி கதவில் மாட்டிக்கொண்டு அவர் திரும்பிப் பார்க்கிற இடத்துக்கு, ஒருவரும் சிரிக்கவில்லையாம். "தம்பி, நீ நல்லா வரைஞ்சிருக்க, இல்லைன்னு சொல்லல. ஆனா ஆளுங்கள சாவு வூட்டுக்குக் கூட்டினு போய் வுட்டுட்ட. நான் அங்கேர்ந்து அவங்கள கல்யாணத்துக்கு எப்படிக் கூப்புடுவேன்?" என்றாராம். நீ கோபமாகத்தான் சொன்னாய். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அந்த ஆள் சொன்னது நியாயம். பூ வாங்குகிறவரை வைத்து நீ எனக்குக் காட்டியதும் இதைத்தானே?

ஆனால் அவர் கொடுக்கும் மருந்து எனக்குப் பிடிக்கவில்லை. கோபுரம் எழும்பவேண்டும், தங்க ஜரிகை அதைச் சுற்றிப் பறக்கவேண்டும், புடவை ஆகாயத்தில் விரியவேண்டும், பின்னால் நாதஸ்வரம். காஞ்சிபுரம் என்றாலே எல்லோருக்கும் இந்தக் கனவுதான். கோபுரத்தோடு எனக்குப் பகை இல்லை. மாகறல் கோயிலுக்கு நானும் போய்வருகிறவள்தான். ஆனால் எந்தப் புடவையும் ஆகாயத்திலிருந்து விரிந்து நான் பார்த்ததில்லை. தங்க நூலைத் தானாகப் பறக்கவிடும்போதெல்லாம், அதைப் பிடித்திருந்த கையை யாரோ ரப்பர் வைத்து அழித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நெசவாளர் சொசைட்டி கார்டில் உன் அப்பா பேர் இருக்கிறது. புடவைப் பெட்டிமேல் கடைக்காரர் பேர் இருக்கிறது. புடவையோடு தருகிற தாளில் எந்தக் காலத்து ராஜாக்கள் பேரெல்லாமோ இருக்கிறது. கரை கோத்தவள் பேரும் ராட்டை சுற்றியவள் பேரும் எதிலும் இல்லை. பேர் போடும் நேரத்திலாவது இவர்கள் கை இருக்கட்டும் என்று நினைத்தாய் பார், அந்த ரோஷம் எனக்குப் பிடித்திருக்கிறது. என் வயிற்றில் பிறந்த ரோஷம்தான் அது.

முடிவு சொல்வதற்கு முன்னால், அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர்களிடம் காட்டிவிடலாம் என்று போனை எடுத்துக்கொண்டு மல்லிகா அக்கா வீட்டுக்குப் போனேன். ராட்டை சுற்றுகிற கை அவளுடையதுதானே? வளையலை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன். கவிதாவும் ஷிப்ட் இல்லாமல் அங்கே வந்திருந்தாள். போனை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்துப் போட்டேன். முடிந்ததும் மல்லிகா அக்கா என்னைப் பார்த்தாள்.

"யாருடி செத்துட்டாங்கோ?"

"யாரும் சாவலக்கா. இது கல்யாணப் படம். காமெடி."

"அப்ப ஏன் ஒருத்தியும் வாயத் தொறக்கல? நான் வாய மூடிக்கினு ராட்டை சுத்தி நீ என்னைக்காச்சும் பாத்துக்கிறியா?"

"ராட்டை நின்னாலும் உங்க வாயி நிக்காது மல்லிகாம்மா" என்றாள் கவிதா.

"நீ பேசாதடி, பஸ்ல தூங்கறவளே."

கவிதா இன்னொரு முறை போட்டுப் பார்த்தாள். "எனக்குப் புடிச்சிருக்குது சித்தி. என் வீடியோல கார்ட எடுத்த மாதிரி இதையும் எடுத்துடப் போறாங்கோ. விடாதன்னு தம்பிகிட்ட சொல்லு."

மல்லிகா அக்கா ராட்டையை நிறுத்தினாள். "உன் வீடியோல கார்டு இருந்துச்சி, சரி. கூடவே நீ முழிச்ச பாரு ஒரு முழி, அதப் பாத்து தெருவே சிரிச்சிச்சி. இதுல யாருடி சிரிச்சா? எங்களுக்கு மூஞ்சே இல்லயே."

கவிதா போனை என் கையில் கொடுத்தாள்.  வீட்டுக்கு வந்து மறுபடி போட்டுப் பார்த்தேன். இந்தத் தடவை பேரைப் பார்க்கவில்லை, நூலைப் பார்க்கவில்லை, என் கையை மட்டும் பார்த்தேன்.

அந்தக் கை எங்கிருந்து வந்தது என்று நீ போனில் சொல்லியிருந்தாய். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த சமயம், ஒருநாள் வெளியிலிருந்து வந்தாயாம். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது நான் தறியில் நாடாவைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேனாம். அப்பாவும் பேசாமல் இருந்தாராம். "அவ்ளோ அலுப்பும்மா உன் கையில. பாக்க முடியாம திரும்பிப் போய்ட்டேன்" என்றாய்.   நீ எந்த நாளைச் சொல்கிறாய் என்று கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

நீ திரும்பிப் போகாமல் உள்ளே வந்திருக்கவேண்டும்.

நம் வீட்டுப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். அதற்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். உன் அப்பா தறிக் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து உடலுக்கான நாடாவை ஓட்டுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைக் கொடுத்துக் கோக்கவேண்டும். நான் கோத்தால்தான் அவர் அடுத்த இழை போடமுடியும். இது உனக்குத் தெரியும். இதன் மறுபக்கத்தை நீ யோசித்ததில்லை. நான் கையை நிறுத்தினால் தறி நிற்கும். தெருவில் கரை கோக்கிற எல்லாப் பெண்களுக்கும் இது தெரியும். எந்த ஆணும் வெளியே சொல்லமாட்டான். கத்தினாலும் அழுதாலும் கேட்காத காது, நாடா நின்றால் கேட்கும்.

அன்றைக்குக் காலையிலிருந்து உன் படிப்புதான் பேச்சு. அனிமேஷன் படிக்கச் சென்னைக்குப் போகவேண்டும் என்று நீ சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாய். "பொம்ம போடறதெல்லாம் ஒரு படிப்பா? ஐ.டி.ஐ.ல சேத்துடலாம், கம்பெனில எடுத்துக்குவாங்கோ" என்றார் உன் அப்பா. நான் வாதாடவில்லை. நாடாவைக் கையில் பிடித்துக்கொண்டேன்.

"போடு" என்றார்.

நான் போடவில்லை.

"கை நோவுதா?"

"இல்ல."

"பின்ன இன்னா?"

"புள்ள மெட்ராசுக்குப் போறான்னு சொல்லுங்கோ. போடறேன்."

எட்டிப் பிடுங்கப் பார்த்தார். கால் குழிக்குள் இருக்கிறது, கை எட்டவில்லை. நான் இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். "ஏம்மா, முகூர்த்தப் பொடவம்மா, நேரத்துக்குக் குடுக்கணும்மா" என்று கெஞ்சினார். அப்புறம் வீராப்பு வந்து வாயை மூடிக்கொண்டார். நானும் மூடிக்கொண்டேன். அந்த நேரத்தில்தான் நீ ஜன்னலுக்கு வந்திருக்கிறாய். நீ பார்த்தது அலுப்பு இல்லை, தினா. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கொஞ்சம் அசைந்தாலும் வெடித்துவிடுவேன் என்றுதான் அசையாமல் இருந்தேன்.

நீ போன பிறகு மல்லிகா அக்கா தெருவிலிருந்தே குரல் கொடுத்தாள். "இன்னா, தறி சத்தத்தையே காணோம்? கைத்தறிக்குக் கூடவா கரண்டு கட்டாயிடுச்சி?"

"இல்லக்கா, உங்க தம்பி யோசிச்சிக்கினு இருக்காரு" என்றேன்.

அதற்குமேல் அவரால் முடியவில்லை. "போறான், போறான், எங்கனா போய்த் தொலையட்டும். நாடாவப் போடு தாயே" என்றார். போட்டேன். நீ சென்னைக்குப் போனது இப்படித்தான். பாவப்பட்ட கை என்று நீ வரைந்து வைத்திருக்கிறாயே, உன்னை வரைய அனுப்பியதே அந்தக் கைதான்.

நான் களைத்ததே இல்லை என்று சொல்லவில்லை. முதுகு வலிக்கிறது, குனிந்தால் நிமிர நேரமாகிறது, செய்த வேலைக்குக் கிடைக்கிற கூலி கேவலம். இதையெல்லாம் மூடி மறைத்துவிட்டு ஜரிகையைப் பறக்கவிடு என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் பாவப்பட்ட அம்மாவும் ஒரு கோபுரம்தான், தினா. தூரத்தில் நின்று கும்பிட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடலாம். அழுகிற அம்மாவுக்கு யாரும் எதுவும் கொடுக்கவேண்டியதில்லை, கூட உட்கார்ந்து கொஞ்சம் அழுதால் போதும். நாடாவை நிறுத்துகிற அம்மாவுக்குப் பதில் சொல்லியாகவேண்டும். நம் சினிமாவில் முதல் வகை அம்மாக்கள் நிரம்பி வழிகிறார்கள். நீயும் ஒன்றைக் கொண்டுபோய்ச் சேர்க்காதே. உன் பாசத்தை நான் குறை சொல்லவில்லை. பாசத்தில் பார்க்கும்போது சில சமயம் கண்ணில் தண்ணீர் நிறைந்து எதிரே இருப்பவர் மூஞ்சி தெரியாமல் போய்விடுகிறது. உனக்கு ஆனது அதுதான்.

ஆகவே கையை எடுக்காதே. அந்தக் கையிலேயே நின்றுவிடாமல் கொஞ்சம் மேலே வா. முகத்தைக் காட்டு. உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குகிற முகம். அப்புறம் குழிக்குள் உட்கார்ந்து கையை நீட்டி நீட்டி எட்டாமல் தவிக்கிற ஆளைக் காட்டு. படத்தின் பேர் பாதி நெய்தபடி நிற்கட்டும். அவர் தலையை ஆட்டியதும் நாடா ஓடட்டும், மீதிப் பேர் வரட்டும். மல்லிகா அக்கா கைக்கு ஒரு வாயும் கொடு. அந்த அரை இருட்டையும் எடுத்துவிடு, நம் வீட்டில் டியூப்லைட் இருக்கிறது. இதற்கப்புறம் மாமனார் வேட்டி கதவில் மாட்டினால் ஜனங்கள் சிரிப்பார்கள். புடவை தொலைந்தால் தேடவும் செய்வார்கள், ஏனென்றால் அது யார் மல்லுக்கட்டி நெய்த புடவை என்று அவர்களுக்கு அப்போது தெரிந்திருக்கும்.

அந்த டைரக்டர் ஒத்துக்கொள்வாரா என்று எனக்குத் தெரியாது. தன் படத்தின் முதல் சிரிப்பு எங்கே செத்தது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர், காது கொடுத்துக் கேட்பார் என்றுதான் தோன்றுகிறது. அப்படியும் கோபுரம்தான் வேண்டும் என்றால், அதை வேறு யாராவது வரைந்துகொள்ளட்டும். கத்தாதே, கதவை அறையாதே. நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து வா. வேலைக்கு ஆபத்தில்லை என்று சொல்ல நான் பைத்தியக்காரி இல்லை. ஆபத்துதான். கொஞ்ச நாள் இங்கே வந்து இருந்துகொண்டு வேறு இடம் பார். பயந்துபோய் நீ கோபுரத்தையே வரைந்து கொடுத்தாலும் உனக்குச் சோறு போடாமல் இருந்துவிட மாட்டேன். ஆனால் நிஜத்தை எங்கள் போனுக்கு அனுப்பிவிட்டு வேறொன்றைத் திரையில் போடுகிற காரியம் கவிதா கல்யாணத்தோடு போகட்டும்.

எழுதிக்கொண்டிருக்கும்போது உன் அப்பா வந்து எட்டிப் படித்தார். "நான் மொதல்லயே ஒத்துக்கினேன்னு எழுது. நாடாவப் புடிச்சதால இல்ல" என்றார். எழுதிவிட்டேன். நம்புவது உன் பாடு.

படம் என்றைக்கு வந்தாலும் முதல் காட்சிக்கு நாங்கள் போகிறோம். நான், மல்லிகா அக்கா, கவிதா மூன்று பேரும் விளக்கு அணைவதற்கு முன்பே சீட்டில் இருப்போம். திரையில் வருவது உன் கோடாக இல்லாவிட்டாலும், பேர் போடுவதை முதலிலிருந்து பார்த்தே தீருவது என்று பேசி முடித்துவிட்டோம். இன்று காலை தறியில் உட்கார்ந்ததும் இதை உன் அப்பாவிடம் சொன்னேன்.

"படம் வெள்ளிக்கெழமதான வரும். அன்னிக்கு அமாவாசையா இன்னா?"

"இருக்காது."

"அமாவாசை இல்லாத நாள்ல தறிய எப்படி நிறுத்தறது?"

 நாடாவைக் கையில் பிடித்துக்கொண்டேன்.